கூட வேலை செய்றவங்களுக்கு நம்ம லீவைக் குடுக்கறது: அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஆபீஸ்ல ஒருத்தருக்கு கேன்சர்னு தெரிய வருது, இல்லன்னா ஒருத்தரோட குழந்தை ஐசியூல இருக்கு, அவங்க கையில இருந்த லீவெல்லாம் தீந்து போச்சு, இனிமே வராத ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கட். அதே ஆபீஸ்ல வேற பத்து பேரோட கணக்குல எடுக்காத லீவு அப்படியே கிடக்கு. அதை இவங்களுக்கு மாத்தி விட முடியாதான்னு யாருக்கும் தோணும். நான் ஊழியர் நலக் குழுவுல இருக்கறதால அந்த மாதிரி தோணினவங்க, தேவைப்பட்டவங்க ரெண்டு தரப்பும் என்கிட்ட கேட்ட கேள்விகளை இங்க எழுதிருக்கேன்.

லீவு டொனேஷன்னா சரியா என்னங்க நடக்குது?

உங்க கணக்குல இருக்கற சம்பளத்தோட கூடிய லீவுல ஒரு பகுதியை நீங்க விட்டுக் குடுக்கறீங்க, கம்பெனி அதை உங்க பேலன்ஸ்ல கழிச்சு இன்னொருத்தர் பேலன்ஸ்ல ஏத்துது, அவர் வேலைக்கு வராத நாளுக்கு அவருக்கு சம்பளம் வருது. அவ்வளவுதான். உங்க பாக்கெட்லேந்து காசு எதுவும் போகாது, ஆனா நீங்க எடுத்திருக்கக்கூடிய ஓய்வு போகுது, அதனால இதை சும்மா கிடக்கற ஒண்ணைத் தூக்கிக் குடுக்கற மாதிரி பேசாதீங்க, குடுக்கறவர் நிஜமாவே ஒண்ணைக் குடுக்கறார்.

சிக் லீவுன்னு ஒண்ணு இருக்கே, அது பத்தாதா?

காய்ச்சலுக்குப் பத்தும், கை உடைஞ்சாக்கூட ஒரு மாதிரி சமாளிச்சுடலாம். ஆனா சில வியாதிங்க வேற மாதிரி. கீமோன்னா பொதுவா ரெண்டு வாரத்துலேந்து நாலு வாரத்துக்கு ஒரு சுத்துன்னு பல மாசம் ஓடும், ஒவ்வொரு சுத்துக்கு அப்புறமும் சில நாள் எழுந்திருக்கவே முடியாது. டயாலிசிஸ்னா பெரும்பாலும் வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம், போற வர நேரம் தனி, அது ஒரு மாசத்துல முடியற விஷயமும் இல்ல. பச்சக் குழந்தை குறை மாசத்துல பொறந்து வாரக்கணக்கா இன்குபேட்டர்ல இருந்தா அம்மா அப்பா ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாகணும். இதுல இன்னொரு சிக்கல், நிறைய இடத்துல சிக் லீவு உங்க உடம்புக்கு மட்டும்தான், அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தா அதைத் தொட முடியாது.

சட்டப்படி லீவு கிடைக்கற இடத்துலயும் அது சம்பளத்தோட கிடைக்கும்னு இல்ல. அமெரிக்காவுல 1993ல வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதி இருக்கறவங்களுக்கு வருஷத்துல 12 வாரம் வரைக்கும் வேலை போகாம பாதுகாக்குது, ஆனா அந்த 12 வாரத்துக்கு சம்பளம் குடுக்கணும்னு அதுல இல்ல. வேலை இருக்கும், வீட்டு வாடகைக்கு என்ன பண்றது? லீவு டொனேஷன் அங்க இவ்வளவு பரவினதுக்கு இந்த ஓட்டைதான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

இது நிஜமா எங்கயாவது சட்டமா இருக்கா, இல்ல நல்ல மனசுள்ள சில கம்பெனியோட ஏற்பாடு மட்டும்தானா?

ரெண்டும் இருக்கு. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு 1988லயே இதுக்கு சட்டம் போட்டுட்டாங்க. அதுல ரெண்டு வழி, ஒண்ணு ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு நேரா குடுக்கறது, இன்னொண்ணு லீவு பேங்க், அதாவது எல்லாரும் லீவைப் போட்டு வெக்கற ஒரு பொதுக் கணக்கு.

பிரான்ஸ்ல 2014 மே மாசம் ஒரு சட்டம் வந்துச்சு, அதை மதிஸ் சட்டம்னு சொல்றாங்க. கல்லீரல் கேன்சர் வந்த மதிஸ்னு ஒரு சின்னப் பையன், அவன் அப்பாவுக்கு லீவு தீந்து போனப்ப கூட வேலை செய்றவங்க எல்லாரும் சேந்து 170 நாள் குடுத்தாங்க, அந்த நாளெல்லாம் அவர் பையன் பக்கத்துலயே இருந்தார். பையன் 2009 கடைசியில இறந்துட்டான். அப்ப அது சட்டத்துல இல்லாத ஒண்ணு, கம்பெனி ஒத்துக்கிட்டதால நடந்தது, அடுத்தவங்களுக்கும் கிடைக்கணும்னு அந்தக் குடும்பம் விடாம அலைஞ்சுதான் சட்டமே வந்துச்சு. முதல்ல 20 வயசுக்குள்ள இருக்கற, கடுமையா நோய்வாய்ப்பட்ட பிள்ளையோட பெத்தவங்களுக்குன்னு இருந்ததை 2018ல வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்களை வீட்டுல பாத்துக்கறவங்களுக்கும் நீட்டினாங்க, 2020ல பிள்ளையை இழந்த பெத்தவங்களுக்கும் நீட்டினாங்க. அந்தக் கடைசி மாற்றம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நிறைய கம்பெனியோட விதியில நோயாளி இறந்த அன்னிக்கே உதவியும் நின்னு போகுது, மறுநாள் அந்த அம்மாவோ அப்பாவோ வேலைக்கு வரணும்னு எதிர்பாக்கறாங்க.

ஜெர்மனியிலயும் 2018ல ஒரு செய்தி வந்துச்சு, ஒரு தொழிற்சாலையில சுமார் 650 பேர் தங்களோட ஓவர்டைம் நேரத்தைச் சேத்து 3,000 மணி நேரத்துக்கும் மேல ஒரு அப்பாவுக்குக் குடுத்தாங்க, பையனுக்கு ரத்தப் புற்றுநோய், அம்மாவும் அந்த நேரத்துல இறந்துட்டாங்க.

என்கிட்ட இருக்கற எந்த லீவை வேணும்னாலும் குடுக்கலாமா?

பெரும்பாலும் வருடாந்திர லீவு, அதாவது நீங்க உழைச்சு சேத்தது மட்டும்தான். அமெரிக்க மத்திய அரசுத் திட்டத்துல சிக் லீவைக் குடுக்க முடியாது. நியாயமான விதிதான், நாளைக்கு உங்களுக்கே உடம்பு முடியலன்னா கையில ஒண்ணும் இருக்காது. ஓவர்டைமுக்குப் பதிலா கிடைக்கற ஈட்டு விடுப்பை சில இடத்துல ஏத்துக்கறாங்க, சில இடத்துல இல்ல, எழுதி வெச்சிருக்கறதைப் பாருங்க.

வருஷக் கடைசியில காலாவதி ஆகப் போற லீவைக் குடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. கம்பெனி ஒத்துக்கிட்டா தாராளமா குடுங்க. ஆனா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க, வியாதி அந்த மாசம் பாத்து வர்றதில்ல.

மொத்தத்தையும் குடுத்துடட்டுமா? எனக்கு லீவே வேண்டாம்.

வேண்டாங்க. மனசு நிறைஞ்சு கேக்கறீங்கன்னு தெரியுது, இருந்தாலும் வேண்டாம். நிறைய நாட்டுல சட்டமே விடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1970ம் வருஷத்து 132வது உடன்படிக்கை, வருஷத்துக்குக் குறைஞ்சது மூணு வாரம் சம்பளத்தோட லீவுன்னு சொல்றதோட, அந்தக் குறைஞ்சபட்ச லீவை காசு வாங்கிட்டோ வாங்காமலோ விட்டுக் குடுக்கற ஒப்பந்தம் செல்லாது, இல்லன்னா தடை செய்யணும்னு சொல்லுது. ஐரோப்பிய யூனியன்ல குறைஞ்சபட்சம் நாலு வாரம். அதனாலதான் பிரான்ஸ்ல நாலு வாரத்துக்கு மேல இருக்கற நாளை மட்டும்தான் குடுக்க முடியும். அமெரிக்க மத்திய அரசுல ஒரு வருஷத்துல உங்களுக்குச் சேரப் போற லீவுல பாதிக்கு மேல பொதுவா குடுக்க முடியாது.

உங்க வீட்டுல யாருக்காவது வர்ற வருஷம் ஆபரேஷன், பிரசவம்னு இருக்கான்னு முதல்ல யோசிங்க. அதுக்குத் தேவையானதை ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்துலேந்து ஒரு நாள், அரை நாள் குடுங்க. நாப்பது பேர் ஆளுக்கு ஒரு நாள் குடுத்தா அது கிட்டத்தட்ட ரெண்டு மாச வேலை நாள், யாருக்கும் வலிக்காது. ஒருத்தரே இருபது நாள் குடுத்தா அவர் அடுத்த வருஷம் ஓய்வே இல்லாம ஓடுவார், வாங்கினவருக்கும் அந்தக் கடன் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும்.

எனக்கும் அவருக்கும் சம்பளம் ஒண்ணு இல்லையே, கணக்கு எப்படி?

ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு மணிக்கு மணி, நீங்க எட்டு மணி நேரம் குடுத்தா அவருக்கு எட்டு மணி நேரம் ஏறும், யார் சம்பளம் எவ்வளவுங்கறதைப் பாக்கறதில்ல. இன்னொண்ணு மதிப்புக் கணக்கு, உங்க சம்பளம் அவரோடதை விட ரெண்டு மடங்குன்னா உங்க எட்டு மணி நேரம் அவருக்குப் பதினாறு மணி நேரம் ஆகும். ரெண்டாவது கம்பெனிக்குச் செலவு கூடாம இருக்கும், ஆனா சம்பளம் கம்மியா வாங்கறவர் அதிகமா வாங்கறவருக்குக் குடுத்தா நாலு மணி நேரமா சுருங்கிடும், அதைப் பாத்தா குடுத்தவர் மனசு சுருங்கும். எனக்கு மணிக்கு மணிதான் பிடிக்கும், ஒருத்தரோட ஒரு நாள் இன்னொருத்தரோட ஒரு நாள், எல்லாருக்கும் சட்டுனு புரியும்.

நேரா ஒரு ஆளுக்குக் குடுக்கறது நல்லதா, லீவு பேங்க் நல்லதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா என் கவலை முழுக்க இங்கதான் இருக்கு.

நேரா குடுக்கறப்ப என்ன ஆகுதுன்னா, எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசறவர், பத்து வருஷமா அதே டீம்ல இருக்கறவர், மேனேஜரா இருக்கறவர், இவங்களுக்கு ஒரே நாள்ல நூறு மணி நேரம் சேந்துடுது. அதே வியாதி, அதே கஷ்டம், ஆனா நைட் ஷிஃப்ட்ல தனியா வேலை பாக்கறவர், புதுசா சேந்தவர், அதிகம் பேசாதவர், இவங்களுக்கு மெயில் போனா அதுக்குப் பதில் வர்றது ரெண்டு மூணு பேர்கிட்டேந்துதான். யாரும் கெட்டவங்க இல்ல, தெரிஞ்ச முகத்துக்குக் கை தானா நீளுது, தெரியாத பேருக்கு நீளறதில்ல. ஆனா கீமோ போற ஆளுக்கு, தன்னை ஆபீஸ்ல எத்தனை பேருக்குப் பிடிக்கும்னு அந்த நேரத்துல எண்ணிப் பாக்க வேண்டிய நிலைமை வரவே கூடாது.

லீவு பேங்க்ல எல்லாரும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமா ஒரு பொதுக் கணக்குல போட்டு வெப்பாங்க, யாருக்குத் தேவையோ அவங்க அதுலேந்து விண்ணப்பிச்சு எடுத்துக்கலாம். அமெரிக்க மத்திய அரசோட லீவு பேங்க்ல உறுப்பினராகறதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வாரச் சம்பளக் காலத்துல உங்களுக்குச் சேர்ற லீவைப் போட்டாப் போதும், சர்வீசைப் பொறுத்து அது 4, 6 இல்லன்னா 8 மணி நேரம். யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு கேள்வியே இல்ல, கெஞ்சற மெயிலும் இல்ல. குறை இல்லாம இல்ல, உறுப்பினரா இல்லாதவங்களுக்குக் கிடைக்காது, குழு சேந்து முடிவெடுக்கறதால சில சமயம் லேட்டாகும். அதனால முடிஞ்சா ரெண்டையும் வெச்சுக்கோங்க, முதல்ல பேங்க், அது பத்தலன்னா நேரா கேக்கறது. ஒண்ணுதான் முடியும்னா கண்ணை மூடிக்கிட்டு பேங்க்னு சொல்லுவேன்.

எங்க கம்பெனியில இப்படி ஒண்ணுமே இல்லையே, எங்க ஆரம்பிக்கறது?

எச்.ஆர்.கிட்ட போய் "அவருக்கு ஏதாவது பண்ணுங்க"ன்னு சொன்னா "பாக்கலாம்"னு பதில் வரும், அதோட முடிஞ்சுடும். எழுத்துல போங்க, அதுவும் தயாரா ஒரு பக்க விதியோட போங்க. யார் கேக்கலாம், எந்த மாதிரி காரணத்துக்கு, தன்னோட லீவெல்லாம் தீந்திருக்கணுமா, ஒருத்தர் அதிகபட்சம் எவ்வளவு குடுக்கலாம், எவ்வளவு வாங்கலாம், யார் முடிவெடுப்பாங்க, எத்தனை நாளுக்குள்ள, மிச்சமானா என்ன, இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி போதும்.

கம்பெனி பொதுவா சொல்ற தயக்கம், இதனால செலவு கூடுமேங்கறது. சேத்து வெச்ச லீவுங்கறது ஏற்கனவே கம்பெனி தர வேண்டிய பாக்கி, இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு அந்த ஆள் லீவு எடுக்கறப்பவோ வேலையை விட்டுப் போறப்பவோ குடுத்தே ஆகணும், நிறைய இடத்துல நிலைமை இதுதான், இப்ப அது ஆள் மாறிப் போகுது அவ்வளவுதான்னு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. காலாவதியாகற லீவைப் பொறுத்தவரைக்கும் அவங்க சொல்றதுல உண்மை இருக்கு, இல்லாம போக வேண்டியது செலவா மாறுது, அதை மறைக்காம ஒத்துக்கிட்டு அதுக்கு மட்டும் ஒரு வரம்பு வெக்கலாம்னு சொல்லிப் பாருங்க.

யூனியன் இருந்தா கட்டாயம் அவங்களையும் உக்கார வெச்சுப் பேசுங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாதப்ப அவருக்காக அவசரமா விதி எழுதினா அது அவரோட நிலைமைக்கு மட்டும் பொருந்தற மாதிரி வந்துடும். அதனால முதல் உதவியை விதிவிலக்கா வாங்கிக் குடுத்துட்டு, விதியைக் கையோட தனியா உக்காந்து எழுதுங்க.

டாக்ஸ் யார் கட்டணும்?

நாட்டுக்கு நாடு மாறும், உங்க பேரோல்ல, அதாவது சம்பளக் கணக்கு பாக்கற பிரிவுல கேட்டுக்கோங்க. அமெரிக்காவுல வருமான வரித் துறை 1990லயே தெளிவாச் சொல்லிடுச்சு, மருத்துவ அவசரத்துக்கான முறையான திட்டமா இருந்தா வாங்கறவருக்கு அது சம்பளம், அவர்கிட்டதான் வரி பிடிப்பாங்க, குடுக்கறவருக்கு வருமானமும் இல்ல, நன்கொடைன்னு கழிச்சுக்கவும் முடியாது. பெரிய இயற்கைப் பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்களுக்காக சேக்கறதுக்கு 2006ல தனியா ஒரு விதி வந்துச்சு.

எங்க மேனேஜர் "எல்லாரும் குடுத்தாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி"ங்கறாரு. என்ன பண்ண?

அப்படிக் கேக்கறதே தப்பு. அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்துல, குடுக்கச் சொல்லியோ குடுக்கக் கூடாதுன்னோ மிரட்டறது, ஆசை காட்டறது எல்லாம் வெளிப்படையா தடை. நேரா குடுக்கற திட்டத்துல உங்களோட நேரடி மேலதிகாரிக்கு நீங்க லீவு குடுக்கவே முடியாது, அது எவ்வளவு யோசிச்சு வெச்ச விதின்னு பாருங்க. உங்க கம்பெனியில அப்படி விதி இல்லன்னாலும், பட்டியல் எச்.ஆர்.ல ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கணும், டீம் குரூப்ல யாரு எவ்வளவுன்னு போடக் கூடாதுன்னு கேளுங்க. பிரான்ஸ்ல குடுக்கறவர் பேரே வெளிய வராது.

என்னால குடுக்க முடியல. அவரைப் பாக்கவே சங்கடமா இருக்கு.

உங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கலாம், வயசான அம்மா இருக்கலாம், உங்களுக்கே மனசு சரியில்லாம லீவு தேவைப்படலாம், அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அவருக்கு லீவு மட்டும்தான் தேவைன்னு இல்ல. அவர் பாதியில விட்ட வேலையைச் சுத்தமா முடிச்சு வெக்கறது, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பேப்பரை எச்.ஆர்.க்கு நீங்க கொண்டு போய் சேக்கறது, ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி துணைக்கு இருக்கறது, இதெல்லாம் லீவு குடுத்தவங்களால கூட பண்ண முடியாம போகும்.

நான்தான் நோயாளி. கேக்கறதுக்கு ரொம்பக் கூச்சமா இருக்குங்க.

புரியுது. முதல்ல ஒண்ணு, நீங்களே எல்லார்கிட்டயும் போய்க் கேக்கணும்னு இல்ல, உங்க சார்பா எச்.ஆரோ நம்பிக்கையான ஒரு ஃபிரெண்டோ கேக்கலாம், அதுதான் நல்லதும்கூட.

வியாதி பேரைச் சொல்லணுமா? எச்.ஆர்.க்கு டாக்டர் சர்டிபிகேட் தேவைப்படும், அது அங்கயே நிக்கணும். மத்தவங்களுக்குப் போற மெயில்ல வியாதி, எந்த ஆஸ்பத்திரி, ஸ்கேன் ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். குறிப்பா மனநோய், கர்ப்பம் கலைஞ்சது மாதிரி விஷயங்கள்ல ஒரு வார்த்தை வெளிய போனா திரும்பி வராது. இவ்வளவு போதும்: "நம்ம கூட வேலை செய்ற ஒருத்தருக்கு தீவிரமான மருத்துவக் காரணத்தால சில மாசம் வேலைக்கு வர முடியாத நிலைமை. அவரோட லீவு இந்த மாசக் கடைசியில தீந்துடும். விருப்பம் இருக்கறவங்க ஒரு மணி நேரத்துலேந்து குடுக்கலாம். யார் குடுத்தாங்க, யார் குடுக்கலங்கறது யாருக்கும் தெரியாது." பேரைப் போடறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவெடுக்கணும்.

இன்னொண்ணு, லீவு முழுசாத் தீர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. விண்ணப்பம், சர்டிபிகேட், ஒப்புதல், பேரோல்ல ஏத்தறதுன்னு வாரங்கள் ஓடிடும், இடையில ஒரு மாசச் சம்பளம் போயிடும். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் சம்பளத்துலேந்து பிடிக்கறாங்கன்னா, சம்பளம் நின்னா அது என்ன ஆகும்னு அன்னிக்கே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, இதை நிறைய பேர் மறந்துடறாங்க.

லீவு வாங்கினவர் கடைத்தெருவுல சுத்தறதைப் பாத்தேன். ஏமாத்தறாரோ?

கீமோக்கு நடுவுல நல்ல நாளும் வரும், அன்னிக்கு டாக்டரே நடக்கச் சொல்லுவார். குழந்தையைப் பாத்துக்கறவர் மருந்து வாங்க வெளிய வந்துதான் ஆகணும். அவருக்குத் தகுதி இருக்கான்னு சர்டிபிகேட்டைப் பாத்து முடிவெடுத்துட்டாங்க, அதுக்கு மேல கண்காணிக்கற வேலை நமக்கு இல்ல. இந்தப் பேச்சு ஆபீஸ்ல ஆரம்பிச்சா தயவுசெஞ்சு அங்கயே நிறுத்துங்க, ஏன்னா அது அவர் காதுக்குப் போகும்.

அப்போ கம்பெனி ஒண்ணும் குடுக்க வேண்டாமா? நம்ம தலையில கட்டிட்டு தப்பிக்கறாங்களே?

இந்தக் கோபம் சரியானது. நோய்வாய்ப்பட்ட ஒருத்தருக்கு சம்பளம் கிடைக்கறது கூட இருக்கறவங்களோட பெருந்தன்மையை நம்பி இருக்கக் கூடாது, போதுமான நோய் விடுப்பும் பராமரிப்பு விடுப்பும் கம்பெனியும் அரசும் குடுக்க வேண்டியது. அதுக்காகப் போராடணும். ஆனா இந்த மாசம் சம்பளம் நிக்கப் போற ஆள்கிட்ட, சட்டம் மாறற வரைக்கும் இருங்கன்னு சொல்ல முடியாது, அதனால ரெண்டையும் சேத்துதான் பண்ணணும். எச்.ஆர்.கிட்ட விதி கேக்கறப்பவே, ஊழியர்கள் ஒரு நாள் போட்டா கம்பெனியும் ஒரு நாள் போடணும்னு ஒரு வரி சேத்துக் கேளுங்க.

குடுத்தது மிச்சமானா?

நேரா குடுக்கற முறையில, அமெரிக்க மத்திய அரசு மாதிரி இடங்கள்ல, அவசரம் முடிஞ்சதும் மீதி குடுத்தவங்களுக்கே திரும்பிடும். பேங்க்னா பேங்க்லயே இருக்கும். அவர் வேலையை விட்டுப் போறப்ப இதைக் காசா வாங்கிக்க முடியாத மாதிரி விதி எழுதறது நல்லது.

குணமாகி திரும்பி வந்துட்டேன். வாங்கினதை எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கணுமா?

வேண்டாம், அது கடன் இல்ல. யார் குடுத்தாங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கவும் முயற்சி பண்ணாதீங்க, குடுக்காதவங்க சங்கடப்படுவாங்க. பொதுவா ஒரு நன்றி மெயில் போட்டாப் போதும், அதுவும் உங்களுக்குத் தெம்பு வந்தப்புறம். அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்னு தோணும், கட்டாயம் தோணும், ஆனா முதல் வருஷம் குடுக்காதீங்க. செக்கப், ஸ்கேன், திடீர் அசதின்னு உங்களுக்கே அந்த நாளெல்லாம் தேவைப்படும். வேலைக்குத் திரும்பறப்ப முதல் சில வாரம் அரை நாள் வர முடியுமா, மீதி இருக்கற டொனேஷன் லீவை மிச்ச அரை நாளுக்குப் போட்டுக்கலாமான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க, நிறைய பேருக்கு இப்படிக் கேக்கலாம்னே தெரியறதில்ல.